கண்காட்சிப் பன்

நாட்டுக்குச் சேவை செய்வது என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தது, ஒரு தட்டு அவித்த முட்டைக்கோசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது. பெரிய முடிவுகளை எல்லாம் வயிறு நிறைந்தவர்கள்தான் எடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கண்ணாடிக்காரர் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டும் கண்ணாடி. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய அகலத்தில் அவர் கடை. பகல் முழுக்க யாரையாவது எதிரில் உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டம் ஒன்றை ஏற்றி, அதில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, முன்னது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஊரார் பார்வையைத் திருத்துகிறவருக்குக் கிட்டப் பார்வை போய்ச் சில வருஷம் ஆகிறது. தனக்கென்று நல்ல கண்ணாடியாக ஒன்று செய்தும் வைத்திருந்தார். மாட்டினால் வயசு தெரிந்துவிடும் என்று சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். இந்தச் சட்டைப்பையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம் எடுப்பது. பெண்டாட்டி என் ரத்தத்தை உறிஞ்சுகிறாள் என்று மற்றவர்கள் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் வீட்டில் அதற்குச் சம்பளமே வந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் உடம்பில் எதையாவது ஒளித்து வைக்க முடியுமா? போன மாதம் மனைவி அவர் கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. டாக்டர் பார்த்தார். உச்சுக் கொட்டினார். "மூணு மாசம் டயம் தர்றேன். இனிப்பை விடுங்க, காய்கறி சாப்பிடுங்க. இறங்கலைன்னா தினமும் ஊசிதான்" என்றார்.

ஊசி என்றால் கண்ணாடிக்காரருக்கு உயிர் போய்விடும். சட்டையில் பொத்தான் தைப்பதைக்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பார்ப்பார். வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போதுதான் மனைவி சொன்னாள்.

"ஊரெல்லாம் வந்து என்கிட்ட கையை நீட்டுது. குத்தறேன். உங்களுக்கு தினம் குத்தணும்னா என் கை வராது. சொல்லிட்டேன்."

சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரருக்கும் மனசு இளகியது. அந்த இளக்கம் அடுத்த நாள் காலை வரை இருந்தது. காலையில் ஒரு கிண்ணம் வெந்தயத் தண்ணீர் வந்ததும் போய்விட்டது.

அவருடைய துக்கம் வேறு. மனைவி வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பேக்கரி. அங்கே கிரீம் பன் போடுவார்கள். வயிற்றைக் கிழித்து வெள்ளையாகக் கிரீம் அடைத்து, உச்சியில் சிவப்பாக ஒரு செர்ரி வைத்த பன். செர்ரியைக் கடைசி வரை தின்னாமல் வைத்திருந்து, நாக்கில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு கடிப்பது கண்ணாடிக்காரரின் இருபது வருஷத்துப் பழக்கம். இப்போது அந்தப் பேக்கரிக்காரர் அவரைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்கினார். மிட்டாய்க்கடைக்காரர் கும்பிடு போட்டு அனுப்பினார். கடைத்தெரு முழுக்க இதே கதை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லாரும் என்றைக்காவது ஒரு நாள் ரத்தம் கொடுக்க அவர் மனைவியிடம் போய்க் கையை நீட்ட வேண்டியவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை உடைந்த மூக்குக்கண்ணாடியோடு கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், புதன்கிழமை மத்தியானங்களில் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டைப் பற்றியும் தோட்டம் போடுவது பற்றியும் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, சேவைதான் என்றார்.

"நமக்கும் மண்ணுக்கும் ஆகாதுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"மண்ணு கொஞ்சம்தான் சார். மிச்சம் பேச்சுதான். எது நல்லது, எது கெட்டதுன்னு காட்டணும். சும்மா வாயால சொன்னா பிள்ளைங்க கேக்க மாட்டாங்க. கிரீம் பன், சிப்ஸ் எல்லாம் கொண்டுவந்து மேஜை மேல வச்சு, இதைத் தின்னா இன்னது ஆகும்னு சொல்லணும்."

கண்ணாடிக்காரர் திருகாணியைத் திருகுவதை நிறுத்தினார்.

"காட்டினதுக்கு அப்புறம்?"

"எதைக் காட்டினதுக்கு அப்புறம்?"

"அந்தப் பன்னை."

"பிள்ளைங்க கையில குடுத்துடாதீங்க சார். நீங்களே எடுத்துட்டுப் போய் ஒழிச்சுக் கட்டிடுங்க."

அன்றைக்கு ராத்திரிதான் முட்டைக்கோசு. அதன் முன்னால் உட்கார்ந்துதான் நாட்டுச் சேவை முடிவு.

"நீங்களா? காய்கறி நல்லதுன்னு சொல்லப் போறீங்களா?" என்றாள் மனைவி. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன், சொல்லக் கூடாதா? பட்டவன் சொன்னாத்தான் எடுபடும்."

"நல்ல காரியம்தான். போயிட்டு வாங்க."

"கெட்டதையும் காட்டணுமாம்" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி. "வாரா வாரம் ஒரு பெட்டியில கொண்டு போகணும். எனக்கு அதையெல்லாம் கையால தொடவே பிடிக்கலை. என்ன பண்றது, சேவைன்னு வந்துட்டா."

"என்னென்ன வேணுமாம்?"

"கொஞ்சம் சிப்ஸ். ஒரு கிரீம் பன். ஒண்ணு வேண்டாம், ரெண்டு. ஒண்ணு முன் வரிசைக்கு, ஒண்ணு பின் வரிசைக்கு. தூரத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

பீன்ஸ் நறுக்குவது ஒரு விநாடி நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"பேக்கரி எனக்குப் பக்கத்துலதானே இருக்கு. நீங்க எதுக்கு அலையணும்? புதன்கிழமை காலையில நானே வாங்கிப் பெட்டியில வச்சுக் குடுத்துடறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். கண்ணாடிக்காரருக்குப் பாலோடு சேர்த்து வாயிலேயே விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் முட்டைக்கோசை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, ஒரு துண்டு நிலம். பாத்தி பாத்தியாகக் கட்டியிருந்தார்கள்; சிலதில் கேரட்டும் பூசணியும் ஏற்கனவே முளைத்திருந்தன. ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே மண்வெட்டி, பூவாளி, உர மூட்டை, இருட்டு. கண்ணாடிக்காரர் தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டகையைத்தான் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் இல்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். கை எப்போதும் மேலேயே இருக்கும். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண். டீச்சர்கள் அவளுக்குக் கேள்விக்குறி என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஆளுக்கொரு பாத்தி என்று பிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்கள். விதைப் பொட்டலங்களில் ஒன்றின்மேல் சிவப்பாக உருண்டையாக ஒரு படம். அது என்ன என்று படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி சட்டைப்பையில். சிவப்பும் உருண்டையும் செர்ரியை ஞாபகப்படுத்தியதால் அதையே எடுத்துக்கொண்டார். பீட்ரூட் என்று பிறகு கேள்விக்குறிதான் படித்துச் சொன்னாள்.

"சார், எனக்குக் கீரை குடுத்துட்டாங்க. எனக்குக் கீரை பிடிக்காது. நட்டா மட்டும் போதுமா, திங்கணுமா?"

கூட்டம் கூடிவிட்டால் கண்ணாடிக்காரருக்கு வாய் அவர் பேச்சைக் கேட்காது. எழுந்து நின்றார். "நல்லாக் கேட்டுக்கோங்க. இந்தத் தோட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். யார் நட்டாங்களோ அவங்கதான் முதல் வாய் திங்கணும். தப்பிக்கவே முடியாது" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியை அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகைக் கதவிலேயே ஒட்டிவிட்டார்.

பிறகு பெட்டியைத் திறந்தார். பன்னை வெளியில் எடுத்தார்.

"இதைப் பாருங்க. பார்க்க அழகா இருக்கும். மெத்துனு இருக்கும். உச்சியில சிவப்பா ஒண்ணு உக்காந்திருக்கும். இதை நம்பாதீங்க. இதுதான் எதிரி."

"எதிரியை என்ன பண்ணணும் சார்?" கேள்விக்குறி.

"அதை என்கிட்ட விடுங்க."

வகுப்பு முடிந்ததும் பூவாளிகளை அடுக்கிவைக்கப் போவதாகச் சொல்லிக் கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். உர மூட்டைமேல் உட்கார்ந்தார். அவசரம், இருட்டு, ஒரு மாதத்துப் பட்டினி. இரண்டு எதிரிகளையும் நான்கே வாயில் ஒழித்துக் கட்டினார். செர்ரிகளை மட்டும் நாக்கில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். சிப்ஸைக் கடைசியில் கவனித்துக்கொண்டார். வெளியே வந்தபோது கேள்விக்குறி நின்றுகொண்டிருந்தாள்.

"சார், உங்க மீசையில எதிரி ஒட்டியிருக்கு."

"சண்டைன்னா அப்படித்தாம்மா" என்று துடைத்துக்கொண்டார்.

வாரங்கள் இப்படியே போயின. ஊருக்கு உபதேசம் மேஜைமேல், உபயோகம் கொட்டகைக்குள். பன்னைத் திட்டுவதில் அவருக்கு அபாரமான தேர்ச்சி வந்துவிட்டது. அவர் திட்டுவதைக் கேட்டு இரண்டு பிள்ளைகள் பிறந்தநாள் கேக்கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் வீட்டிலிருந்து நன்றி சொல்லி ஆள் வந்தது. முள்ளங்கி விளைந்தது, கேரட் விளைந்தது, பூசணிக்கொடி சைக்கிள்களைச் சுற்றிப் படர்ந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாய் தின்று பார்த்தது போக, மிச்சத்தை யாரோ ஒரு அம்மா வாரா வாரம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார் என்று தலைமை ஆசிரியை சொன்னார். இத்தனை காய்கறியைத் தின்னும் அந்த வீட்டுக்காரன் எந்தப் பாவியோ என்று கண்ணாடிக்காரர் பரிதாபப்பட்டார்.

பீட்ரூட்டும் விளைந்தது.

"சார், சட்டம்" என்றாள் கேள்விக்குறி.

"வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கறேன்மா. சட்டத்துல இடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். "என் கையால விளைஞ்சது. ஆனா பீட்ரூட் எனக்கு ஒத்துக்காது. பார்த்தாலே குமட்டும். நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி. வாங்கி உள்ளே வைத்தாள்.

ஒரு நாள் பேக்கரிக்காரர் கண் பரிசோதனைக்கு வந்தார். வில்லையை மாற்றிக்கொண்டே கண்ணாடிக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க கிரீம் பன் முன்னைவிட இப்ப நல்லா இருக்குய்யா. கனமா, நிறைவா இருக்கு."

"எப்படி சார் சொல்றீங்க? நீங்கதான் சாப்பிடறதில்லையே."

"பார்த்தாலே தெரியாதா? கண்ணு நம்ம தொழிலாச்சே."

பேக்கரிக்காரருக்குப் பலமாக இருமல் வந்தது. சுவரில் இருந்த எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் படித்தார். தூசி போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்தது.

அந்த வாரம் கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. தின்ற பன்னெல்லாம் வரிசையாக மனசில் வந்து நின்றது. தினமும் ஊசி. அதுவும் அவள் கையால். கை வராது என்று அவள் வாசலில் சொன்னது இப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது. ரத்தம் பொய் சொல்லாது, தெரிந்த பிறகு அவள் முகத்தில் எப்படி முழிப்பது? கடைசிப் புதன்கிழமை, பன்னைப் பூசணிக்குழியில் புதைத்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டு கொட்டகைக்குள் போனார். உறுதி தாழ்ப்பாள் போடும்வரை இருந்தது.

மறுநாள் காலை பரிசோதனை நிலையத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கையை நீட்டினார். மனைவி எடுத்தது தெரியவில்லை. அத்தனை பதமான கை. சாயங்காலம் இருவரும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் பார்த்தார். இந்தத் தடவை உச்சுக் கொட்டவில்லை.

"நல்லா இறங்கியிருக்கு. ஊசியெல்லாம் வேண்டாம். என்ன பண்ணினீங்களோ அதையே பண்ணுங்க" என்றார்.

என்ன பண்ணினீங்களோ அதையே பண்ணுங்க. கண்ணாடிக்காரர் இந்த வாக்கியத்தை வழி முழுக்க மனசில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் மனைவி முந்தானையால் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பன் தின்றோம், சர்க்கரை இறங்கியது. அப்படியானால் இதுவரை தின்ற முட்டைக்கோசு எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி பட்டாணி உரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லப்போறேன். நீ கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் பெட்டியில வந்த பன்னையெல்லாம் நான் ஒழிக்கலை. தின்னேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. சிப்ஸையும்தான். இப்ப என்ன ஆச்சு? சர்க்கரை இறங்கியிருக்கு. டாக்டரே அதையே பண்ணச் சொல்லிட்டாரு. இதுலேர்ந்து என்ன தெரியுது? காய்கறியால ஒரு பிரயோஜனமும் இல்லை. இனிமே இந்த வீட்டுல முட்டைக்கோசு கிடையாது. வாரத்துக்கு ரெண்டு பன். எழுதிக் குடு."

மனைவி பட்டாணித் தோலை ஒதுக்கி வைத்தாள்.

"நல்லா இருந்துதா?"

"அமிர்தம்."

"அப்பாடா. எனக்குத்தான் பயமா இருந்துது, பூசணிக்காய் வாசனை வந்துடுமோன்னு."

"என்ன பூசணிக்காய்?"

"பன்னுல போட்டது. பூசணிக்காயும் கேரட்டும் துருவி, தவிட்டு மாவுல பிசைஞ்சு, சர்க்கரையே இல்லாம. பேக்கரிக்காரரு மொதல்ல முடியவே முடியாதுன்னாரு. அடுத்த மாசம் ரத்தம் எடுக்க வருவீங்க இல்லன்னு கேட்டேன். போட்டுக் குடுத்துட்டாரு."

"கிரீம்?"

"கெட்டித் தயிர். துணியில வடிகட்டினது."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி இரண்டு மாதம் மீசையில் பூசிக்கொண்டவர், மீசையைத் தடவிப் பார்த்தார்.

"அந்த சிப்ஸ்?"

"முள்ளங்கி. அடுப்புல சுட்டது. விளைய ஆரம்பிச்சதும் எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துத் தோட்டத்துலேர்ந்து வந்ததுதான். வாரா வாரம் நான்தானே மொத்தமா வாங்கறேன்."

"நான் தின்னுவேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பின் வரிசைக்குத் தெரியணும்னு ரெண்டாவது பன் கேட்டீங்க பாருங்க, அப்பவே. பின் வரிசைக்குத் தெரியலைன்னா நீங்க கண்ணாடிதானே விப்பீங்க, பன்னா காட்டுவீங்க?"

கண்ணாடிக்காரர் எழுந்து ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார். எல்லாம் போகட்டும், இருபது வருஷத்து நாக்கு ஒன்று இருக்கிறதே, அதையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தார்.

"உச்சியில செர்ரி இருந்துதே. அது அசல்தானே? அதை நான் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்."

"கண்ணை மூடிக்கிட்டதாலதான் சொல்லியிருக்கீங்க. அது பீட்ரூட். மொதல்ல கடையில வாங்கினது, அப்புறம் உங்க பாத்தியில விளைஞ்சது. நட்டவங்கதான் முதல் வாய் திங்கணும்னு கதவுல ஒட்டியிருக்காமே."

அடுத்த நாள் கடையை அரைமணி முன்னாலேயே பூட்டிவிட்டு, கண்ணாடிக்காரர் நேராகப் பேக்கரிக்குப் போனார். மானமுள்ளவன் செய்யக்கூடியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. பேக்கரிக்காரர் ஷட்டரை இறக்கவில்லை.

"வாங்க சார். ரிசல்ட் நல்லா வந்திருக்காமே. இன்னிக்கு மட்டும் ஒண்ணு குடுக்கலாம்னு அக்கா சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க."

அனுமதியோடு புரட்சி செய்வது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பன் கைக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அசல்தான். சந்தேகமே இல்லை. பெரிதாக ஒரு கடி கடித்தார்.

இனிப்பு மண்டையில் போய் அடித்தது. கிரீம் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. பன் வாயில் இருந்த இடமே தெரியாமல் காற்றாகப் போயிற்று. செர்ரியை நாக்கில் உருட்டினார். உருண்டதே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மீதியைக் காகிதத்தில் மடித்து மேஜைமேல் வைத்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, பேக்கரிக்காரரின் காதருகில் குனிந்தார்.

"ஏன்யா, அந்தக் கண்காட்சிப் பன் இருந்தா ரெண்டு குடேன்."

"அது உங்க வீட்டம்மா சொன்னாத்தான் சார் போடுவேன்."